கண்ணுக்குத் தெரியாத நஞ்சிற்குக் கணக்கு வேண்டும்

(கிளிநொச்சியில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



வவுனியாவிலே தோன்றும் கனகராயன் ஆறு முல்லைத்தீவு மண்ணைக் கடந்து, இரணைமடுவை நிறைத்து, சுண்டிக்குளம் கடனீரேரியிற் கலக்கின்றது. மேலே ஒருவர் நீரில் விட்டதைக் கீழே மற்றொருவர் பெறுகின்றார். இந்த நியாயத்தை மனதிற் கொண்டே, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் நீரிற் கலக்கும் கேட்டைப்பற்றி இன்று பேச முன்வந்துள்ளோம்.

நாம் உட்கொள்ளும் இம்மருந்துகள் பலவற்றின் பெரும்பங்கு, வீரியம் குன்றாமலே உடலைவிட்டு வெளியேறுகின்றது. கோழிக்கும் மாட்டிற்கும் கொடுப்பதும் அவ்வாறே எருவோடு மண்ணை அடைகின்றது. மலக்குழி, வைத்தியசாலைக் கழிவுநீர், பண்ணை எரு, மீனும் இறாலும் வளர்க்கும் குட்டை ஆகிய யாவும் மாரி மழையிலே ஒரே வாய்க்காலைத் தேடும் வழிகளல்லவா?

இக்கேடு எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு ஐதராபாத்தை அடுத்த பட்டஞ்சேரு சான்று. ஏறக்குறைய 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்திகரித்த நிலையமொன்று வெளியேற்றிய நீரைச் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் சோதித்தார்கள். ஒரு லீற்றரில் 31 மில்லிகிராம் வரையில் சிப்ரோபுளொக்சசின் இருந்ததென 2007 இல் அறிவித்தார்கள். நோயாளியின் இரத்தத்திற்கூட அம்மருந்து அவ்வளவு செறிவாக இருப்பதில்லை! பல மருந்துகள் கலந்த அந்நீரை ஆயிரத்தில் இரண்டு பங்காக ஐதாக்கி வளர்த்தபோதும் தவளைக்குஞ்சுகளின் வளர்ச்சி குன்றியது.

வன்னியில் அத்தகைய தொழிற்சாலைகள் இல்லை என்று சிலர் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் சிறிய அளவும் தன் வேலையைச் செய்யும். நீலப்பச்சைப் பாசி பற்றீரியா இனத்தைச் சேர்ந்ததாகையால் அதுவே முதலில் தாக்கப்படுகின்றது. பாசியை உண்டு வாழும் நுண்பிராணிகளும் அவற்றை உண்ணும் மீன்குஞ்சுகளும் அடுத்து உணவிழக்கின்றன. மீனின் குடலிலே சமிபாட்டிற்கு உதவும் பற்றீரியாக்களும் நிலைகுலைகின்றன. மருந்துக்கு மசியாத பற்றீரியாக்களோ தப்பிப் பெருகுகின்றன. இத்தகைய எதிர்ப்பே நேரடிக் காரணமாக 2019 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என்பது மதிப்பீடு.

இனிச் சட்டத்தின் பக்கம் வருவோம். சுன்னாகத்துக் கிணறுகளிலே எண்ணெய் மிதந்தது. கண் கண்டது, மூக்கு உணர்ந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டுமென்ற தத்துவத்தின்படி, மின்னுற்பத்தி நிறுவனமொன்று 2 கோடி ரூபா செலுத்த வேண்டுமென 2019 ஏப்பிரலிலே தீர்ப்பாயிற்று. நுண்ணுயிர்க்கொல்லிக்கோ நிறமில்லை, மணமில்லை. வழக்கமான குடிநீர்ப் பரிசோதனையிலும் அது அகப்படாது. நீரை ஒளிபடாத போத்தலிற் குளிரூட்டிக் கொண்டுசென்று, கலந்துள்ள பொருள்களைப் பிரித்து, திணிவு நிறமாலைமானி என்னும் கருவியால் அளக்க வேண்டும். ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு லீற்றர் நீரில் இருந்தாலும் அது காட்டிக்கொடுக்கும். அளவு இல்லாவிடிற் சான்று இல்லை. சான்று இல்லாவிடில் எந்த மன்றமும் நமக்குப் பரிகாரம் தரமாட்டாது. கேடு நேர்ந்தபின் அளந்தால், முன்னர் நீர் எவ்வாறிருந்தது என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்பார். அப்போது என்ன விடை சொல்வோம்?

ஆகவே நாம் கேட்பது இது: இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஆகிய குளங்களின் நீரும் அடிச்சேறும், வைத்தியசாலைக் கழிவுநீர் வெளியேறும் இடங்களும், மாரிக்கு முன்னும் பின்னும் ஆண்டுதோறும் சோதிக்கப்பட வேண்டும். முடிவுகள் தமிழிலே கமக்கார அமைப்புகளுக்கும் மீனவர் சங்கங்களுக்கும் கிடைக்க வேண்டும். அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கின்றது; 2021 முதல் வவுனியாப் பல்கலைக்கழகம் தனித்து இயங்குகின்றது. கருவியும் பணமும் ஒதுக்கினால் இப்பணியை ஏற்க ஆளில்லை என்று எவரும் சொல்ல முடியாது.

உரிமை கேட்கும் நமக்குக் கடமையும் உண்டு. கால்நடை வைத்தியர் சொல்லாமற் கோழிக்குஞ்சின் தண்ணீரில் மருந்து கலப்பதை இன்றே நிறுத்துவோம். 1996 இல் புத்தளப் பகுதி இறாற் பண்ணைகளை அழித்த வெண்புள்ளி நோய் வைரசால் வருவது. அத்தகைய நோய்க்கு நுண்ணுயிர்க்கொல்லியைக் குட்டையிற் கொட்டுவது பணத்தையும் நீரையும் ஒருங்கே பாழாக்குவதாகும். எஞ்சிய மாத்திரைகளைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ வீசாதிருப்போம்.

அணைக்கட்டு உடைந்தால் ஊரே மண்வெட்டியுடன் ஓடுகின்றது. குளத்து நீர் ஓசையின்றிக் கெடும்போதும் அவ்வாறே ஒன்றுகூடுவோம். இக்கோரிக்கையில் ஒப்பமிட்டு, அதனை மூன்று மாவட்டச் செயலகங்களிலும் நேரிற் கையளிக்க முன்வருமாறு உங்கள் அனைவரையும் அழைக்கின்றோம்.