ஓலை முத்திரையும் இணையக் காப்பும்
(சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிரதோஷ காலத்தில் சிவாலயத்திற்குச் செல்வோர் நாள்தோறும் காணாத ஒரு காட்சியைக் காண்பர். நந்தியெம்பெருமானின் செவியருகே குனிந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, அடியவர் பலர் தம் குறையை மெல்லச் சொல்வர். மகளின் திருமணம் தடைப்பட்டு நிற்பதைச் சொல்வார் உளர். மகப்பேறு வேண்டுவார் உளர். மருத்துவர் கூறிய நோயின் பெயரை வீட்டாரிடமும் சொல்லாது அங்கு மட்டும் சொல்வாரும் உளர். அடுத்து நிற்பவர் இரண்டடி விலகியே நிற்பார். பிறர் வேண்டுதலுக்குச் செவி கொடாதிருத்தலும் ஆலய ஒழுக்கங்களுள் ஒன்றன்றோ?

இக்காலத்தில் அவ்வேண்டுதல்களுள் ஒரு பகுதி இணையத்தின் வழியாகவும் திருக்கோயிலை அடைகின்றது. தமிழ்நாட்டில் இந்து சமய அறநிலையத்துறையின் இணையதளம் வாயிலாக வழிபாட்டுச் சேவைகளுக்குப் பதிவு செய்யலாம், நன்கொடையும் செலுத்தலாம். தொலைவில் வாழும் முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் இது பெரும் பேறு. ஆயின், அங்ஙனம் பதிவு செய்பவர் தம் பெயர், நட்சத்திரம், முகவரி, தொலைபேசி எண், செலுத்தும் தொகை ஆகியவற்றை எழுதி அனுப்புகின்றார். நந்தியின் செவிக்கும் அடியவரின் வாய்க்கும் இடையே ஒரு சாண் இடைவெளியே உண்டு. கைபேசிக்கும் திருக்கோயிலின் கணினிக்கும் இடையிலோ பல ஊர்கள் உள்ளன. விடுதியின் வைஃபை, தொலைபேசி நிறுவனத்தின் கருவிகள், இன்னும் பல கைகளைக் கடந்தே அச்செய்தி செல்கின்றது. காப்பு இல்லாத தளத்திற்கு எழுதுவது அஞ்சலட்டையில் எழுதுவது போன்றது. வழியில் உள்ளவர் அதனைப் படிக்கலாம், திருத்தவும் செய்யலாம்.

இஃது வெறும் அச்சமன்று. 2010ஆம் ஆண்டில் ‘ஃபயர்ஷீப்’ என்னும் சிறு மென்பொருள் வெளியிடப்பட்டது. பொது இடத்து வைஃபையைப் பயன்படுத்துவோரின் சமூகத் தளக் கணக்குகளுக்குள், தொழில்நுட்பம் அறியாதவரும் எளிதில் நுழையக்கூடும் என்பது அதனால் வெளிப்பட்டது. தளங்கள் பல காப்பின்றிக் கிடப்பதை உலகுக்குக் காட்டுதலே அதனை வெளியிட்டவரின் நோக்கம்.

இக்குறையை நீக்க அமைந்ததே ‘எச்டிடிபிஎஸ்’ எனப்படும் காப்பு இணைப்பு. அது செய்யும் பணிகள் மூன்று. செய்தியை மறைத்தல் ஒன்று. இடையில் மாற்றப்பட்டால் காட்டிக்கொடுத்தல் மற்றொன்று. மறுமுனையில் இருப்பது எந்தத் தளம் என உறுதி செய்தல் மூன்றாவது. இவை புதிய கருவிகளே அன்றிப் புதிய கருத்துகள் அல்ல.

சிலப்பதிகாரத்தில் மாதவி விடுத்த ஓலையைக் கோசிகமாணி கொண்டு வருகின்றான். அவ்வோலை மண் முத்திரை இடப்பட்டது. அம்முத்திரையில் அவள் கூந்தலின் சுவடு பதிந்திருந்தது. ஓலையைப் பிரிக்கும் முன்னரே, தான் அறிந்த நெய்மணத்தால் அது யாருடையது எனக் கோவலன் உணர்கின்றான். முத்திரை உடையாதிருத்தல் ஓலை இடையில் பிரிக்கப்படாமைக்குச் சான்று. அதன் மணமோ அனுப்பியவரைக் காட்டும் சான்று.

திருத்தொண்டர் புராணத்திலும் இக்கருத்து விளங்கும். திருமணப் பந்தரில் முதியவர் காட்டிய ஓலையை நம்பியாரூரர் பற்றிக் கிழித்தெறிகின்றார். பின்னர்த் திருவெண்ணெய்நல்லூர் அவையில், கிழிந்தது படியோலையே எனக் கூறி, முதியவர் மூல ஓலையை எடுத்துக் காட்டுகின்றார். அவையினர் அதனை அப்படியே ஏற்றனரா? இல்லை. ஆரூரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வருவித்து, இரண்டிலும் உள்ள கையெழுத்தை ஒப்புநோக்கித் தெளிந்த பின்னரே தீர்ப்பளித்தனர். வழக்கிட்டு வந்தவர் இறைவனேயாயினும் சான்று வேண்டப்பட்டது!

இணையத்திலும் இவ்வொப்புநோக்கல் நிகழ்கின்றது. காப்புடைய தளம் ஒவ்வொன்றும் தன் முகவரிக்குரிய சான்றிதழ் ஒன்றைப் பெற்றிருக்கும். அதில் சான்றளிக்கும் நிறுவனத்தின் கையொப்பம் கணித முறையில் அமைந்திருக்கும். கைபேசியில் உள்ள உலாவி, தான் முன்பே அறிந்துள்ள சான்றளிப்போர் பட்டியலுடன் அதனை ஒப்புநோக்கும், பொருந்தாவிடில் எச்சரிக்கும். பொருந்தியபின் இரு முனைகளும் தமக்குள் ஒரு மறைபொருளை அமைத்துக்கொண்டு, அதனால் செய்தியைப் பூட்டி அனுப்பும். முன்பின் அறியாத இருவர், பலர் கேட்கும் வெளியிலேயே பேசி, பிறர் அறியாத ஒரு மறைபொருளை உருவாக்கிக்கொள்ளும் வழியை 1976ஆம் ஆண்டில் டிஃபி, ஹெல்மன் என்னும் அறிஞர் இருவர் வெளியிட்டனர். அவ்வழியின் வளர்ச்சியே 2018ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட ‘டிஎல்எஸ் 1.3’ என்னும் நெறியிலும் பயின்று வருகின்றது.

பணம் வாங்காத தளத்திற்கு இக்காப்பு எதற்கு எனச் சிலர் வினவுவர். நடைதிறக்கும் நேரத்தை மட்டும் காட்டும் பக்கமாயினும், அதில் ஒரு வங்கிக் கணக்கு எண் அச்சிடப்பட்டிருக்கலாம். அவ்வெண்ணை வழியில் ஒருவன் மாற்றிவிட்டால், அன்னதானத்திற்கென அனுப்பிய பணம் அவன் கையில் சேரும். அன்றியும், ஒருவர் எந்தப் பரிகாரத்தைத் தேடிப் படிக்கின்றார் என்பதே அவர் மனத்துயரை வெளிப்படுத்திவிடும். காப்பு இணைப்பில், அவர் எந்தத் தளத்திற்குச் சென்றார் என்பது வழியில் உள்ளவர்க்குத் தெரியலாம். அங்கு எப்பக்கத்தைப் படித்தார், என்ன எழுதினார் என்பன தெரியா. செலவு மிகும் என்று சொல்லுதற்கும் இடமில்லை. ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ என்னும் பொதுநல ஏற்பாடு 2015ஆம் ஆண்டின் இறுதி முதல் இச்சான்றிதழை இலவசமாகவே வழங்கி வருகின்றது. ஒரு கால பூசை நடைபெறும் சிற்றூர்க் கோயிலும் அதனைப் பெறலாம்.

ஆயினும், அன்பர்கள் ஈண்டு ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். கோயில் பெறக்கூடிய அச்சான்றிதழைக் கள்வனும் தன் தளத்திற்குப் பெறக்கூடும். கோயிலின் பெயரை ஒத்த பெயரில் போலித் தளம் அமைத்து, அதற்கும் முறையாகப் பூட்டு இடுகின்றான். அத்தளத்திற்குச் செல்லும் வழி காப்புடையதுதான். சென்று சேரும் இடமோ கள்வனின் வீடு! பூட்டுச் சின்னத்தைக் கண்டதும் தளத்தையே நம்பிவிடும் மயக்கம் மக்களிடையே பரவியிருந்தமையால், ‘குரோம்’ உலாவி 2023ஆம் ஆண்டில் முகவரிப் பட்டையிலிருந்து அச்சின்னத்தை நீக்கியது. எனவே, பூட்டைப் பார்த்தல் போதாது. முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்தல் வேண்டும். இந்திய அரசுத் துறைகளின் தளங்களுக்கென ‘ஜிஓவி.இன்’ என முடியும் முகவரி ஒதுக்கப்பட்டுள்ளது. விளம்பரத்தின் வழியாகவோ பிறர் அனுப்பிய இணைப்பின் வழியாகவோ செல்லாது, கோயில் அலுவலகத்தில் முகவரியைக் கேட்டறிந்து செல்லுதல் நன்று. கைபேசிக்கு வரும் ஓடிபி எண்ணைத் தொலைபேசியில் எவர் கேட்பினும் கூறலாகாது.

இக்காப்புக்கு மற்றோர் எல்லையும் உண்டு. அது வழியைக் காக்குமேயன்றி, சேர்ந்தபின் ஓலையைக் காப்பதில்லை. அடியவர் தந்த பெயரும் எண்ணும் கோயிலின் கணினியை அடைந்தபின், அவற்றைக் காத்தல் அங்குப் பணிபுரிவோரின் கடன். உண்டியலைத் தனித்துத் திறவாமல் பலர் முன்னிலையில் திறந்து எண்ணுதல் வழக்கமன்றோ? அக்கவனம் பதிவேட்டுக்கும் வேண்டும். தேவைக்கு மேற்பட்ட விவரங்களைக் கேளாதிருத்தலும், பெற்றவற்றைப் பிறர்க்கு வழங்காதிருத்தலும், பணி முடிந்தபின் வேண்டாதவற்றை நீக்குதலும் அறங்காவலின் பகுதிகளே ஆம்.

உண்டியலில் விழும் காசு இறைவனுக்குரியது என்று அஞ்சிக் காப்போர், அடியவர் நம்பி ஒப்படைத்த சொல்லையும் அங்ஙனமே காத்தல் வேண்டும். காசு தொலைந்தால் மீண்டும் ஈட்டலாம். ஊரறியப் போன ஒருவரின் துயரத்தை மீண்டும் மறைத்துத் தர எவராலும் இயலாது. இதனை உணர்ந்து, வழியைக் காப்போரும் வாயிலைக் காப்போரும் தத்தம் கடமையில் வழுவாது நிற்க எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.