சிறு நகரமும் பூங்காவும்

ஆடி அமாவாசைத் தினத்தன்று அமிர்தகழிக்கு வந்தவர்கள் மாமாங்கேசுவரர் ஆலயத்தையும் அதன் தீர்த்தக் குளத்தையும் மறந்திருக்க மாட்டார்கள். விடியுமுன்னரே சனம் திரண்டுவிடும். பிதிர்க்கடன் முடித்தோர் ஈரத் துணியோடு கரையேறுவர். அத்துணை பேரும் அதன்பின் எங்கே போகின்றனர் என்பதை நான் சிறு வயது முதலே கவனித்து வந்திருக்கிறேன். முதலில் மரத்தடிகள் நிரம்பும். பாய் விரித்துக் குடும்பங் குடும்பமாக அமர்வர். மரத்தடியில் இடமில்லையென்றால் மதிலின் நிழல்; அதுவும் நிரம்பினால் கடைகளின் தாழ்வாரம். வெட்டவெளியில் உட்காருவார் ஒருவரையும் காணமுடியாது.

நேயர்களே, ஒரு நகரத்துக்குப் பூங்கா எங்கே வேண்டும், எவ்வாறு வேண்டும் என்று திட்டமிடப் புகுவோர் படிக்கவேண்டிய முதற் பாடம் இதுவென்றே எண்ணுகிறேன். மக்கள் எங்கே தாமாகச் சென்று அமர்கின்றனர் என்று பார்த்துவிட்டு அங்கிருந்து தொடங்கவேண்டும். நாமோ பெரும்பாலும் வரைபடத்தில் வெறுமையாகத் தெரியும் காணியிலிருந்து தொடங்குகிறோம்.

பொதுப் பணத்தைக்கொண்டு எல்லோருக்குமாகப் பூங்கா அமைப்பது உலகத்தில் மிகப் பழைய வழக்கமன்று. இங்கிலாந்தில் பேர்க்கன்ஹெட் என்னும் ஊரில் 1847ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பூங்காவையே அவ்வகையில் முதலாவதாகக் கூறுவர். ஆலைப் புகையிடையே வாழ்ந்தோருக்கு மூச்சுவிட ஓரிடம் வேண்டியிருந்தது. நம்முடைய ஊர்களில் அந்த வேலையைக் குளக்கரையும் கோயில் வீதியும் ஆலமரத்தடியும் செய்துவந்தன. அவற்றைப் பூங்கா என்று எவரும் அழைத்ததில்லை. ஆகவே அவை குறைந்துபோனபோதும் பூங்கா குறைந்துவிட்டதென்று எவரும் முறையிடவில்லை.

மட்டக்களப்பு நகரின் அமைப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் வாவி. அதன் நடுவே புளியந்தீவு. அங்கே ஒல்லாந்தர் காலத்துக் கோட்டை, பழைய கச்சேரி, கல்லூரிகள், கடைத்தெரு. கிழக்கே பழைய இரும்புப் பாலத்தையும் அதன் பக்கத்தே 2013இல் திறக்கப்பட்ட புதுப் பாலத்தையும் கடந்தால் கல்லடி. வடகிழக்கே எங்கள் அமிர்தகழி; அதற்கப்பால் முகத்துவாரம். இவ்வளவு விரிந்த ஊருக்குப் பூங்கா என்றதும் எல்லோர் நினைவிலும் எழுவது வாவிக்கரையிலுள்ள காந்திப் பூங்கா ஒன்றே. 1814ஆம் ஆண்டு மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட் வந்திறங்கியதை நினைவுறுத்தும் மட்டக்களப்பு வாசலும் அவ்விடத்திலேதான் உள்ளது. மாலை வேளையில் அங்கே நின்றால் தோணிகளையும் நீரின் மேல் விழும் பொன்னிறத்தையும் காணலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களிலே அங்கு கச்சான் கொட்டை கொறித்தபடி நிற்பது ஒரு தனிச் சுகம். இரண்டுக்கும் ஒரே பெயர் எவ்வாறு வந்ததென்று என் மாணாக்கர் கேட்பதுண்டு. நான் வேறு பாடத்துக்குப் போய்விடுவேன்.

அழகான இடமென்பதில் ஐயமில்லை. ஆனால் அமிர்தகழியில் கைக்குழந்தை வைத்திருக்கும் ஒரு தாய், மாலையில் அரைமணி நேரம் காற்றாட, முச்சக்கர வண்டிக்குக் கூலி கொடுத்தா அங்கே போவாள்? சிறு நகரத்துக்கு ஒரு பெரிய பூங்காவைவிட, நடந்து போகக்கூடிய தூரத்தில் பல சிறிய இடங்களே தேவை என்பது என் துணிபு.

இதனை நடத்திக் காட்டிய நகரமொன்று உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அம்ஸ்ரடாம் நகரத்தில், அல்டோ வான் ஐக் என்னும் இளம் கட்டடக் கலைஞர் நகரசபைப் பணியில் இருந்தார். 1947இல் தொடங்கி ஏறத்தாழ 30 ஆண்டுகளில் 700க்கும் மேற்பட்ட சிறுவர் விளையாட்டிடங்கள் அவர் வரைந்தபடி எழுந்தன. அவற்றுக்கெனப் பெருங் காணி எதுவும் வாங்கப்படவில்லை. வீடு இடிந்து வெறுமையாய்க் கிடந்த துண்டுகள், தெருமுனைகள், இரு கட்டடங்களுக்கு இடைப்பட்ட மூலைகள் ஆகியனவே போதுமாயின. ஒரு மணற்குழி, தாவி விளையாடச் சில கற்கள், தொங்குவதற்கு இரும்பு வளைவு, பெரியவர்கள் இருக்க வாங்கு. இவ்வளவுதான். நம்மூர் ஒழுங்கைகளில் இத்தகைய மூலைகள் எத்தனை உள்ளன என்று எண்ணினால் நமக்கே வியப்பாயிருக்கும். இன்று அவற்றில் குப்பை சேர்கிறது.

இனி மரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இதிலே குற்றவாளி நானே.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி இரவு அடித்த சூறாவளியை என் வயதினர் மறக்கவியலாது. கீழ்ப்பகுதி எங்கும் 900க்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்போது நான் பாலர் வகுப்புத் தாண்டிய சிறுவன். மறுநாட் காலையில் வாசலுக்கு வந்தபோது எனக்கு முதலிற் புலப்பட்டது அழிவன்று, வெளிச்சம். முன்பு ஓலையும் இலையும் மூடியிருந்த இடமெல்லாம் வானமாயிருந்தது. தென்னைகள் ஒரே திசையில் தலைசாய்த்துக் கிடந்தன. அந்தப் புயலிலே கிளைகளையெல்லாம் இழந்தும் வேரோடு நின்ற வாகை மரமொன்று, பிற்காலத்தில் நான் அதிபராகச் சென்ற பாடசாலையின் வாயிலருகே இருந்தது. மீண்டுந் தழைத்துப் பந்தல் போற் பரந்திருந்தது. முதலாந் தரத்துப் பிள்ளைகளை அழைத்துப்போக வரும் தாய்மார் பன்னிரண்டு மணி வெயிலில் அதன் கீழேதான் நிற்பார்கள்.

இலை விழுந்து பீலிகளை அடைத்தது. பரிசளிப்பு விழாவுக்கு மேடை போட இடமும் வேண்டியிருந்தது. வெட்டலாம் என்று கையெழுத்திட்டேன். மரம் விழ ஒரு முற்பகல் ஆயிற்று. மேடை அழகாகவே அமைந்தது. ஆண்டில் இரண்டு நாள் அதனைப் பயன்படுத்தினோம். எஞ்சிய நாட்களில் அந்தத் தாய்மார் சேலைத் தலைப்பைத் தலைமேலிட்டு மதிலோரம் ஒட்டி நின்றதை என் அறையின் சன்னல் வழியே பார்த்திருக்கிறேன். எவரும் என்னிடம் முறையிடவில்லை. முறையிட்டிருந்தால் மனம் சற்று ஆறியிருக்கும்.

ஆகையால் பூங்கா அமைக்கும் வரைபடத்தைக் கண்டால் நான் முதலில் தேடுவது, இருக்கும் மரங்களை அதிலே குறித்திருக்கிறார்களா என்பதையே. கற்பதித்த நடைபாதையும் நீரூற்றும் ஓராண்டில் வந்துவிடும். முதிர்ந்த மரத்துக்கு 30 ஆண்டு வேண்டும். வெறுந்தரை என்றால், வாவியோரத்து உவர்மண்ணைத் தாங்கும் பூவரசும் புங்கும் புன்னையும் இருக்கின்றன. சற்று உள்ளே வேம்பும் நாவலும் மருதும் நன்றாக வரும். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துப் புல்தரைக்கு ஆசைப்படுவோர் ஒன்றை எண்ணவேண்டும். கச்சான் வீசும் ஆனி, ஆடியிலே கிணற்று நீரும் உவர்க்கத் தொடங்கும். அந்தப் புல்லுக்கு எதனை ஊற்றுவது?

மாரியிலோ நிலைமை நேர்மாறு. ஆண்டு மழையின் பெரும்பகுதி சில மாதங்களுக்குள் கொட்டிவிடும். 2011ஆம் ஆண்டு சனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதனை விரித்துரைக்கவேண்டியதில்லை. தாழ்ந்த காணியை மண்ணிட்டு உயர்த்திப் பூங்காவாக்கினால், அங்கே நிற்கவேண்டிய நீர் அயலவர் வளவுக்குள் போகும். பூங்கா ஓரிரு கிழமை நீருள் கிடந்தால் கிடக்கட்டும். வாங்குகளைக் கல்லிலே கட்டி, விளையாட்டிடத்தை மட்டும் சற்று மேட்டில் வைத்தால் போதும். கரையிலுள்ள கண்டல் மரங்களைக் காட்சிக்கு இடையூறென்று வெட்டுவதும் தவறு. கரையை அரிப்பினின்று காப்பனவும் மீன்குஞ்சு ஒதுங்க இடந்தருவனவும் அவையே. வேண்டுமானால் இரண்டிடத்தில் வழிவிட்டு வாவியைப் பார்க்கலாம்.

இந்த நோக்கு புதியதன்று. பற்றிக் கெடிஸ் என்ற ஸ்கொத்லாந்து அறிஞர் 1915இல் சென்னை மாகாணத்து நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். 1921இல் கொழும்புக்கும் ஒரு திட்டம் தந்தார். நுளம்பு பெருகுகிறதென்று குளங்களைத் தூர்க்க முனைந்த அதிகாரிகளிடம், மீனையும் வாத்தையும் விட்டு நீரைச் சுத்தமாக வைத்திருக்கலாமே என்று வாதிட்டவர் அவர். ஊரை இடித்து அகலச் சாலை போடுவதிலும், பாழடைந்த ஒன்றிரண்டு வீடுகளை அகற்றி அங்கே மரம் வைப்பது மேல் என்றார்.

மற்றொரு காரியம். சில ஆண்டுகளுக்கு முன் மேல்வகுப்பு மாணவரிடம், வீடு, பள்ளிக்கூடம், கோயில், தனியார் வகுப்பு ஆகியவை தவிர அந்த வாரத்தில் சென்ற இடங்களைப் படமாக வரையச் சொன்னேன். பையன்களின் தாள்களில் விளையாட்டு மைதானம், வாவிக்கரை, பாலம், தேநீர்க் கடை எல்லாம் இருந்தன. பெண்பிள்ளைகள் பலரின் தாள் வெறுமையாயிருந்தது. ஒருத்தி மட்டும் வகுப்புக்குப் போகும் ஒழுங்கையை வரைந்து, அதில் ஒரு பூவரச மரத்தைக் குறித்து, அங்கே தோழியோடு ஐந்து நிமிடம் நிற்பதாக எழுதியிருந்தாள். அவளுக்கு நகரம் தந்த பூங்கா அவ்வளவே.

கொழும்புக் காலிமுகத்திடலின் நடைபாதை 1859இல் முடிவுற்றபோது, ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் அதனை நகரத்துப் பெண்கள், பிள்ளைகள் நலன்கருதிப் பேணுமாறு தமக்குப் பின்வருவோரைக் கேட்டுக்கொண்டதை அங்குள்ள கல்வெட்டு இன்றும் கூறுகிறது. அவர் மனதிலிருந்த பெண்கள் யாரென்பது வேறு கதை. ஆயினும் அந்த வேண்டுகோளை நம் நகரசபைகள் எடுத்தாளலாம். பெண்கள் வராத பூங்காவைப் பற்றி ஆராய்ந்தால் காரணங்கள் மிக எளியவை: விளக்கு எரிவதில்லை, மலசலகூடம் பூட்டியிருக்கும், உள்ளே நிற்பவரை வீதியிலிருந்து காணவியலாத உயர்ந்த மதில், போகவர ஒரே வாயில். ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1961இல் வெளியிட்ட நூலிலே, பல வேளைகளிலும் பலவகை மக்கள் நடமாடும் தெருக்களின் நடுவேதான் பூங்கா உயிரோடிருக்கும் என்று விளக்கினார். காவலாளி ஒருவரை வைப்பதைவிட, வாயிலருகே அப்பம் சுடும் ஓர் அம்மாவுக்கு இடங்கொடுப்பது நல்லது என்று நான் நினைப்பதுண்டு.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்கும் 2009இல் போர் முடிந்ததற்கும் பின்னர், கட்டுவதற்கென்று பணம் பல திசைகளிலிருந்தும் வந்தது. கட்டியதைப் பேணுவதற்குப் பணம் தருவார் அரிது. திறப்பு விழாவுக்குப் பெயர்ப்பலகை உண்டு. உடைந்த ஊஞ்சற் சங்கிலியை மாற்றியவருக்குப் பெயர்ப்பலகை ஏது? ஆதலின் ஒரு பூங்காவுக்குத் திட்டம் வரைகையில், தோட்டக்காரர் இருவரின் பத்தாண்டுச் சம்பளத்தையும் மதிப்பீட்டிற் சேர்க்கவேண்டும். அதற்கு வழியில்லையென்றால் பூங்காவைப் பாதியாகச் சுருக்கிவிடலாம்.

எங்கள் பாடசாலை வாயிலருகே, பழைய வாகை நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, மதிலுக்கு வெளியே வீதியோரமாக ஒரு மருதங் கன்று நட்டோம். மாடு கடியாதிருக்கக் கம்பிக்கூடு போட்டிருக்கிறோம். ஆறாந் தரத்துப் பிள்ளைகள் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றுகின்றனர். விடுமுறையில் பக்கத்து வீட்டார் ஊற்றுகின்றனர். இப்போது அது என் தோளளவு வளர்ந்திருக்கிறது. அதனடியில் வாங்கு ஒன்று போடலாமா என்று ஒரு தாயார் சென்ற மாதம் கேட்டார். நிழல் வருமுன்னரே வாங்கைப் போட்டுவிட்டோம்.