சூரியன் உதிக்காத ஊரில் ராகு காலம் எப்போது?

(சுயமரியாதைத் தோழர்கள் கூட்டமொன்றில் செய்த பிரசங்கம்)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் வெகு தூரத்திலுள்ள ஒரு குளிர்ப் பிரதேசத்தைப் பற்றியது. "நம் ஊர்ச் சங்கதியே மலைபோல் கிடக்க, நார்வே தேசத்தின் வடகோடியைப் பற்றி நமக்கென்ன?" என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். அந்த வடகோடியிலும் ஈழத் தமிழ் மக்கள் குடியேறி, உழைத்து, பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்து வருகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் மனிதன் எதனால் சுகமாய் வாழ முடிகிறது, எதைத் தன்னோடு அங்கு கொண்டு போகக் கூடாது என்பவை நாமும் யோசிக்க வேண்டிய சங்கதிகளேயாகும்.

அந்தப் பிரதேசத்திற்குப் பின்மார்க் என்று பெயர். அதிலே ஹாமர்பெஸ்ட் என்று ஓர் ஊர். அங்கு நவம்பர் பிற்பகுதியில் மறைகிற சூரியன், ஜனவரி பிற்பகுதியில்தான் மறுபடி தலைகாட்டும். மே மாத நடுவிலிருந்து ஜூலைக் கடைசி வரையிலோ நடுநிசியிலும் அஸ்தமிக்காது. பூமி சாய்ந்து சுற்றுவதால் இப்படி ஆகிறது என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த சங்கதி.

நம் பஞ்சாங்கக்காரரை அங்கு கொண்டு போய் விட்டால் என்ன செய்வார்? சூரியோதயம் முதல் அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டுப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை ராகு காலம் என்கிறார். உதயமே இல்லாத ஊரில் எதைப் பங்கு போடுவார்? அஸ்தமனமே இல்லாத மாதத்தில் எதோடு முடிப்பார்? "யாழ்ப்பாணத்துக் கடிகாரத்தைப் பார்த்துக் கொள்ளலாம்" என்பாரானால், ராகுவும் கடிகாரம் பார்த்துத்தான் நடக்கிறதா என்று கேட்கிறோம். தேவர்களுக்கு ஆறு மாதம் ஒரு பகல், ஆறு மாதம் ஓர் இரவு என்பது புராணம். துருவத்தில் பகலும் இரவும் அப்படித்தான் இருக்கின்றன. அந்தக் கணக்குப்படி, துருவத்திற்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் வெட்டுகிற நம்மவனும் முக்கால் தேவனாகத்தானே இருக்க வேண்டும்!

சரி, இருட்டுக்கு அந்த ஊரார் என்ன செய்தார்கள்? சூரியனுக்கு யாகம் செய்யவில்லை. 1891-லேயே தெருவுக்கு மின்சார விளக்குப் போட்டார்கள். குளிருக்குக் கம்பளியும், காற்றுப் புகாத மர வீடும் செய்து கொண்டார்கள். வெயிலில்லாமல் உடம்புக்குக் குறைகிற சத்துக்கு மாரிக்காலத்தில் மீன் எண்ணெய் குடிக்கிறார்கள். அட்லாண்டிக் சமுத்திரத்திலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டத்தால் அங்கே துறைமுகம் உறைவதில்லை. அதை அறிந்து மாரியிலும் கடலில் தொழில் செய்கிறார்கள்.

வெறும் உயிரைப் பிடித்துக் கொண்டிருக்கிறார்கள் என்றும் நினைத்து விடாதீர்கள். காலில் நீண்ட பலகையைக் கட்டிக் கொண்டு பனிமேல் சறுக்கி விளையாடுகிறார்கள். ஆண் பெண், கிழவர் குழந்தை என்கிற வித்தியாசமில்லை. கோடையில் நடுநிசி வெயிலில் தூண்டில் போடுகிறார்கள். சூரியன் திரும்பி வருகிற நாளைப் பிள்ளைகள் வெளியே ஓடி வந்து கொண்டாடுகிறார்கள். அது என்றைக்கு வரும் என்று சொல்லக் கணக்கே போதும்; தட்சணை வேண்டியதில்லை. சர்க்காரும் "உன் தலைவிதி அந்தக் கோடியில் பிறந்தாய்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஜனங்கள் அங்கு நிலைத்து வாழ வேண்டுமென்று 1990 முதல் வருமான வரியைக் குறைத்தும், படிப்புக்கு வாங்கின கடனில் வருஷந்தோறும் ஒரு பகுதியைத் தள்ளியும் வருகிறது.

1944-ல் பின்வாங்கிய ஜெர்மன் சேனை அந்தப் பிரதேசத்தையே கொளுத்தி, ஜனங்களை விரட்டியது. ஹாமர்பெஸ்டில் இடுகாட்டிலிருந்த சிறு கோயில் ஒன்றுதான் மிஞ்சிற்று. "பார்த்தீர்களா, ஆண்டவன் தன் வீட்டைக் காத்துக் கொண்டான்!" என்று இங்குள்ள பக்தர்கள் சொல்லக்கூடும். செத்தவர்களுக்கான வீட்டைக் காத்து, உயிரோடிருக்கிற பிள்ளைகளின் வீட்டைக் காக்காத ஆண்டவனால் யாருக்கு என்ன லாபம்? ஊரை மறுபடி கட்டியது மனிதனுடைய கைதான்.

அவர்கள் பிறக்கும்போதே பகுத்தறிவோடு பிறந்தவர்களல்ல. 1617-ல் வார்டோ என்ற ஊர்ப் பக்கம் புயலில் பத்துப் படகுகள் மூழ்கி நாற்பது பேர் மாண்டபோது, சூனியக்காரிகள்தான் புயலை ஏவினார்கள் என்று பழி போட்டுப் பெண்களைப் பிடித்துக் கொளுத்தினார்கள். அந்த நூற்றாண்டில் பின்மார்க்கில் அப்படி மாண்டவர்கள் 91 பேர். இன்று அவர்களுக்கு அங்கே ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. அந்த மண்ணின் பூர்வ குடிகளுக்குச் சாமி என்று பெயர். நம் கோயிலிலுள்ள சாமியல்ல, மான் மேய்த்தும் மீன் பிடித்தும் பாடுபட்ட மனிதர்கள். அவர்கள் பாஷையைப் பள்ளிக்கூடத்தில் பேச விடாமல் நெடுங்காலம் அடக்கி வைத்தார்கள். 1989-ல் அவர்களுக்கென்று ஒரு சபை ஏற்பட்டது. தப்பை ஒப்புக் கொண்டு திருத்துகிறவன் முன்னேறுகிறான். தப்பைச் சாஸ்திரமென்று கும்பிடுகிறவன் அங்கேயே கிடக்கிறான்.

இனித்தான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது. 1980-களில் அங்கு போன ஈழத் தமிழர்களில் பலருக்குக் கிடைத்த வேலை என்ன? மீன் ஆலை வேலை. மீனைக் கழுவுவது, முள்ளெடுப்பது, பெட்டியில் அடுக்குவது. ஊரிலே, மீன் தொடுகிறவன் தாழ்ந்தவன், நிலம் வைத்திருப்பவன் உயர்ந்தவன் என்று கிணற்றையும் கோயிலையும் பிரித்து வைத்திருந்தார்கள். 1968-ல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் நுழையவே தாழ்த்தப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்தது. அந்த உயர்ந்த ஜாதியார் வீட்டுப் பிள்ளையும், தாழ்ந்தவன் என்று தள்ளப்பட்டவன் பிள்ளையும் அங்கே ஒரே மேஜையில், ஒரே கத்தி பிடித்து, ஒரே கூலி வாங்கினார்கள். வானம் இடிந்து விழுந்ததா? மீன் நாறியதே தவிர ஜாதி எங்காவது மணத்ததா?

ஆனால் தோழர்களே, வெட்கத்தோடு சொல்லுகிறோம். பகலெல்லாம் ஒன்றாய் மீன் வெட்டிவிட்டு, பிள்ளைக்குக் கலியாணம் என்று வந்தவுடன் "அவர்கள் என்ன ஆட்கள்?" என்று கடல் தாண்டி விசாரித்து எழுதுகிறவர்கள் இன்னும் உண்டு. கம்பளி இல்லாமல் போனவன் கம்பளி வாங்கிக் கொண்டான். பாஷை தெரியாமல் போனவன் பாஷை கற்றுக் கொண்டான். ஜாதியை மாத்திரம் மூட்டைக்குள் பத்திரமாய் வைத்துக் கொண்டே போய்ச் சேர்ந்தான். இருட்டும் பனியும் செய்யாத கெடுதியை இந்த மூட்டை செய்யும். அங்கே பிறந்து பனியில் விளையாடி வளர்ந்த பிள்ளைகளாவது "இந்த மூட்டை எங்களுக்கு வேண்டாம்" என்று கடலிலே வீசிவிட வேண்டும்.

நமக்கோ இங்கு வருஷம் முழுவதும் வெயில் உண்டு. இருந்தும் இரண்டு மாதம் சூரியனைப் பாராதவன் வெளிச்சத்தில் வாழ்கிறான். தினமும் பார்க்கிற நாம் ராகு காலத்துக்குப் பயந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோம். எது இருட்டுப் பிரதேசம் என்பதை உங்கள் யோசனைக்கே விட்டுவிட்டு, இவ்வளவோடு முடித்துக் கொள்ளுகிறோம்.