தீக்குச்சியைக் கண்டுபிடித்தவர்கள்



தீக்குச்சியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

இங்கிலாந்தில் ஸ்டாக்டன் என்றோர் ஊர். அங்கே மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர், அறுவைச் சிகிச்சை கற்கப் போய், அதைக் காணச் சகிக்காமல் வேதியியல் பக்கம் வந்தவர். 1826-இல் ஒருநாள் அவர் கலக்கிய ரசாயனம் குச்சி நுனியில் காய்ந்து ஒட்டிக்கொண்டது. கணப்படுப்பின் கல்லில் உரசியதும் குப்பென்று பற்றியது! மறு ஆண்டே கடையில் விற்றார். காப்புரிமை வாங்கவே இல்லை.

பிள்ளைகளுக்கு இந்தக் கதையை இத்தோடு முடித்துவிடுகிறோம். முடியவில்லை, நண்பர்களே!

சில ஆண்டுகளில் குச்சி முனைக்கு வெள்ளைப் பாஸ்பரஸ் வந்தது. எதில் உரசினாலும் பற்றும், விலையும் மலிவு. ஆனால் அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளிக்கு முதலில் பல்வலி. பிறகு ஈறு வீங்கும். பிறகு தாடை எலும்பே அழுகும்.

மாற்று இல்லையா? இருந்தது! சிவப்புப் பாஸ்பரஸைப் பெட்டியின் பக்கத்தில் தடவும் முறையை 1844-லேயே ஸ்வீடனில் குஸ்டாவ் எரிக் பாஷ் கண்டுவிட்டார். நம் வீட்டுத் தீப்பெட்டி அந்த வழியில் வந்ததுதான். லண்டனின் பிரையன்ட் அண்ட் மே நிறுவனம் பாதுகாப்பான தீக்குச்சிக்கான உரிமையை 1855-இல் விலைக்கே வாங்கியது. அப்படியும் வெள்ளைப் பாஸ்பரஸை விடவில்லை. நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், சிறுமிகள். பேசினால் அபராதம். கால் அழுக்காயிருந்தால் அபராதம். 1888-இல் இதைப் பத்திரிகையில் எழுதி அம்பலப்படுத்தியவர் யார் தெரியுமா? பின்னாளில் நம் அடையாற்றுக்கு வந்து வாழ்ந்த அன்னி பெசன்ட் அம்மையார்!

எழுதியதெல்லாம் பொய் என்று கையெழுத்துப் போடச் சொன்னது நிர்வாகம். அந்தப் பெண்கள் மறுத்தார்கள். ஏறத்தாழ 1400 பேர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அன்றாடக் கூலியை நம்பிப் பிழைத்தவர்கள். சேமிப்பு என்று எதுவும் இல்லாதவர்கள். சில வாரங்களில் வென்றார்கள். அபராதம் ஒழிந்தது. விஷம் படியாத தனியிடத்தில் உட்கார்ந்து சாப்பிட அனுமதி கிடைத்தது. அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் சாரா சாப்மன். வாக்கர் பெயரைச் சொல்லித்தரும் ஆசிரியர்கள் இந்தப் பெயரையும் கரும்பலகையில் எழுத வேண்டும் என்று இந்த மேடையில் கேட்டுக்கொள்கிறேன்.

வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சிக்கு 1910-இல் பிரிட்டனில் தடை வந்தது. 1913-இல் இந்தியாவிலும் தடைச்சட்டம் வந்தது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்கு ரயிலேறியது அதற்குப் பிறகு, 1922-இல்.