கான் வெட்டுவது யார் வேலை?



2014ஆம் ஆண்டு அக்டோபர் 29, புதன்கிழமை. தீபாவளி கழிந்து ஒரு வாரம். பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைக்கு மேலே, மீரியபெத்த தோட்டத்து மலை மழையில் ஊறிப்போய்க் கிடந்தது. பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். காலை ஏழரை மணியளவில் மலை இறங்கி வந்து தோட்டத்து மக்கள் குடியிருந்த லயங்களை மூடியது. கோயிலும் போய்விட்டது. அன்று பள்ளிக்கூடம் போன பிள்ளைகளில் சிலருக்கு, திரும்பி வர வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை.

அந்த மலை சரியக்கூடியது என்பது முன்பே தெரிந்த விஷயம். பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு அபாய வரைபடம் தயாரிக்கும் வேலை 1990களிலேயே தொடங்கிவிட்டது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலேயே மீரியபெத்தையைப் பற்றி எச்சரித்திருந்தது. போகச் சொன்னார்கள், எங்கே போவது? லயத்துக் காம்பரா தோட்டத்துடையது. காணி அரசாங்கத்துடையது. 1992இலிருந்து நிர்வாகம் கம்பனிகளின் கையில். குடியிருப்பவர் பெயரில் ஒரு பேர்ச்சஸ் நிலமும் இல்லை.

நகரங்களில் மாநகர சபையின் சுற்றுச்சூழல் பொறுப்பு என்றால் பூங்கா, தெருவோர மரம், குப்பை என்று பேசுவோம். அதுவும் வேண்டிய பேச்சுத்தான். எங்கள் ஊவாத் தோட்டங்களில் அதே கேள்வியைக் கேட்டால், பேச்சு நேராகக் கானுக்கு வந்து நிற்கும். லயத்துக்கு மேலே இருக்கிற மலையில் மழைத் தண்ணீர் போகிற கானை வெட்டிச் சுத்தமாக வைத்திருப்பது யார் வேலை?

கவ்வாத்து, முள்ளுக்குத்து, கான்வெட்டு என்று மலையிலே ஆண்களுக்கென்று சில வேலைகள் உண்டு. கான்வெட்டு பார்ப்பதற்குச் சின்ன வேலை. தேயிலை நிரைகளுக்குக் குறுக்கே, கண்ணுக்குத் தெரியாத அளவு வாட்டம் கொடுத்து வெட்ட வேண்டும். நூற்றிருபது அடி போனால் ஓரடி இறங்கும் வாட்டம். கானுக்குள்ளே இடையிடையே மண் வரப்பு விடுவார்கள். ஓடி வரும் தண்ணீர் அதில் முட்டி நிற்கும், வண்டல் அடியில் தங்கும், தெளிந்த நீர் வழிந்து அடுத்த குழிக்குப் போகும், கடைசியில் கல் பாவிய பெரிய கானில் இறங்கும். ஒரு கவ்வாத்துக் காலத்துக் குச்சியும் இலையும் விழுந்து, இரண்டு மழைக்கு வண்டலை அள்ளாமல் விட்டால் போதும். கான் தூர்ந்து, தண்ணீர் தன் இஷ்டத்துக்கு வழி தேடும். மண்ணுக்குள் இறங்கும். இறங்கிய தண்ணீர் கனமாகி மலையை உள்ளிருந்து தள்ளும்.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தண்ணீரை நிறுத்தி வைக்கிற கான் எல்லா மலைக்கும் ஒத்துவராது. பழைய சரிவு மண் மூடிய மலையில் தண்ணீரை உள்ளே விடாமல் வேகமாக வெளியே கொண்டுபோக வேண்டும். எந்த மலைக்கு எந்தக் கான் என்று சொல்லப் புவிச்சரிதவியலாளர் வேண்டும். ஆனால் பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கினாலும், வாசலில் வெடிப்பு விட்டாலும், மரம் சாய்ந்தாலும் முதலில் காண்கிறவர் லயத்தில் இருப்பவர். இந்த இரண்டு அறிவையும் ஒரு மேசையில் உட்கார வைக்க ஒரு பொது நிறுவனம் வேண்டும். என் மனசுக்கு அது பிரதேச சபைதான்.

ஆனால் மீரியபெத்த மண்ணோடு போன நாளில், அந்தத் தோட்டத்து மக்கள் வாக்களித்த சபையின் பணம் அந்தத் தோட்டத்துக்குள் போகச் சட்டம் வழிவிடவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், 33ஆம் பிரிவு. வீதியோ பொது வசதியோ கிராமத்துக்குத்தான்; தோட்டக் குடியிருப்புக்கு இல்லை. வாக்கு வேண்டும், வாய்க்கால் வேண்டாம் என்பதுதான் அதன் நடைமுறை அர்த்தம். முப்பது வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடி, 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். சொல்லும்போதே நெஞ்சு கொதிக்கிறது.

எதிர்வாதம் செய்பவர்கள் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. குத்தகைக்கு எடுத்தவன் இலாபம் பார்க்கிறான், கானையும் அவனே வெட்டட்டும், மக்கள் வரிப்பணத்தில் கம்பனியின் தேயிலைக்கு ஏன் வாய்க்கால் என்கிறார்கள். நியாயம்தான். ஆகவே செலவைக் கம்பனியிடம் வாங்கட்டும். வேலை நடந்ததா என்று பார்ப்பதும், நடக்காவிட்டால் ஊர் அறியக் கேட்பதும் சபையிடம் இருக்கட்டும். சபையிடம் பணம் எங்கே, ஆள் எங்கே என்றும் கேட்கிறார்கள். பணம் குறைவுதான். 2023 மார்ச்சிலிருந்து 2025 மே தேர்தல் வரை சபைகளே கூடவில்லை. அதே 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. பதுளை மாவட்டத்தில் மறுபடியும் மலைகள் இறங்கின, மறுபடியும் சேற்றுக்குள் ஆட்களைத் தேடினோம்.

பெரிய பணம் தேவைப்படாத வேலைகளும் உண்டு. இருபத்துநாலு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் கவனம், 100 ஆனால் ஆயத்தம், 150 ஆனால் வெளியேற வேண்டும். அந்தக் கணக்கைப் பார்க்க ஒவ்வொரு டிவிசனிலும் ஒரு மழைமானி, அதை எழுதிவைக்க ஓர் ஆள், வெளியேறச் சொன்னால் போய்த் தங்க முன்கூட்டியே திறந்து வைத்த ஒரு கட்டடம். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். போக இடம் இல்லாதவருக்கு எச்சரிக்கை இன்னொரு பயம் மட்டும்தான்.

மீரியபெத்தையில் தப்பியவர்கள் இரண்டு வருஷம் தற்காலிக முகாமில் கிடந்து, 2016 அக்டோபரில் மக்கல்தெனியவில் கட்டிய 75 வீடுகளுக்குப் போனார்கள். குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ். அத்தனை உயிர் போன பிறகு கிடைத்த ஏழு பேர்ச்சஸ்.

ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொரு பிரதேச சபையும் அடுத்த வருஷத்து வரவுசெலவுத் திட்டத்தை முன்வைக்கும். ஹல்துமுல்லையோ, ஹாலிஎலயோ, பசறையோ, உங்கள் வட்டாரத்து உறுப்பினரை அதற்கு முன்னால் பிடியுங்கள். எங்கள் லயத்து மேல் மலையின் கானுக்கு எந்தப் பக்கத்தில், எவ்வளவு போட்டிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.