ஒரே காய்ச்சலுக்குப் பல விலை ஏன்?

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் மருத்துவச் செலவைப் பற்றிப் பேசுவது பொருந்துமா எனச் சிலர் எண்ணக்கூடும். மிகவும் பொருந்தும் என்பதே என் கருத்து. நம் பிள்ளைகளின் படிப்பு இடையில் நின்றுபோவதற்கு வீட்டில் நேரும் நோய் ஒரு பெருங்காரணம் என்பதைப் பள்ளி ஆசிரியர் எவரும் அறிவர். தந்தை ஒரு வாரம் படுத்துவிட்டால் தாயின் தோடு அடகுக்குப் போகிறது. வட்டி ஏறினால் மூத்த பிள்ளை வேலைக்குப் போகிறான். பெரிய அறுவைச் சிகிச்சையால் மட்டுமே இந்நிலை வருவதில்லை. சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என அடிக்கடி வந்துபோகும் சிறு நோய்களுக்குச் சிறுகச் சிறுகக் கொடுத்த பணமும் குடும்பத்தை அரித்துவிடுகிறது. ஆகவே, ஒரே ஒரு வினாவை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். ஒரே தெருவில் குடியிருக்கும் மூவர், ஒரே வகைக் காய்ச்சலுக்கு, மூன்று விதமாகச் செலவிட்டு வருகின்றனரே, அஃது ஏன்?

மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகள் உண்டு என்றார் திருவள்ளுவர். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என்பன அவை. செலவும் இந்நான்கு இடங்களிலும் ஏற்படுகிறது. நாமோ மருத்துவர் கையில் கொடுத்த கட்டணத்தை மட்டுமே செலவென்று கருதுகிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்டவை. முதலாமவர் காலையில் மனைவியுடன் அரசு மருத்துவமனைக்குச் செல்கிறார். கட்டணம் இல்லை, மருந்துக்கும் விலையில்லை. ஆனால் அவருடைய ஒரு நாள் கூலி 500 ரூபாய், மனைவியின் கூலி 350 ரூபாய், பேருந்துக்கு 30 ரூபாய். ஆக 880 ரூபாய் இழப்பு. இரண்டாமவர் வேலை முடிந்து மாலையில் தனியார் மருத்துவரிடம் செல்கிறார். கட்டணம் 200, மாத்திரை 150, பேருந்து 30; ஆக 380 ரூபாய். மூன்றாமவர் பெரிய மருத்துவமனைக்குச் செல்கிறார். பதிவுக் கட்டணம் 100, சிறப்பு மருத்துவருக்கு 500, சோதனைகளுக்கு 900, மருந்துக்கு 450, போக்குவரத்து 100, இழந்த கூலி 500. ஆக 2,550 ரூபாய். மூவருக்கும் காய்ச்சல் மூன்று நாளில் தணிந்துவிடுகிறது!

இக்கணக்கிலிருந்து ஓர் உண்மை விளங்கும். இலவசம் இருக்கும்போது நம் மக்கள் ஏன் தனியாரிடம் போகிறார்கள் என்று ஏளனமாகக் கேட்போர் உண்டு. நாட்கூலிக்காரனுக்கு நேரமும் பணமே. மாலையில் திறந்திருக்கும் கதவை அவன் நாடுவது அறியாமையன்று, கணக்கறிந்த செயலே. அரசும் இதனை உணர்ந்தது என்று சொல்லலாம். 2023 ஜூன் மாதம் தமிழ்நாட்டில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் ஒருசேரத் திறக்கப்பட்டபோது, காலை 8 முதல் 12 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் அவற்றின் நேரமாக அறிவிக்கப்பட்டது. மேலே சொன்ன முதலாமவர் அருகிலுள்ள இத்தகைய மையத்திற்கு மாலையில் சென்றிருப்பாராயின் அவருடைய 880 ரூபாய் 30 ரூபாயாகச் சுருங்கியிருக்கும். இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கு மாதந்தோறும் மாத்திரை வாங்க வேண்டியவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வாயிலாக மாத்திரை வீட்டு வாயிலுக்கே வருகிறது.

அடுத்து மருத்துவர் கட்டணம். தனியார் மருத்துவர் நோயாளியைப் பார்ப்பதற்கு இவ்வளவுதான் வாங்க வேண்டும் என உச்சவரம்பு கட்டும் சட்டம் நம் மாநிலத்தில் இல்லை. ஆகவே கட்டணம் பலவற்றைப் பொறுத்து மாறுகிறது. எம்.பி.பி.எஸ். படித்தவர் வாங்குவதைவிட மேற்பட்டம் பெற்றவர் கூடுதலாக வாங்குவார். கடைத்தெருவில் இடத்துக்கு வாடகை மிகுதி. அவ்வாடகை நோயாளியின் தலையில்தான் விழும். செவிலியர், கணக்கர், குளிர்சாதனம், கருவிகளுக்கு வாங்கிய வங்கிக் கடன் என எல்லாமே பெரிய மருத்துவமனையின் கட்டணத்துள் அடங்கும். முதல்முறை பார்ப்பதற்கு ஒரு கட்டணம். சில நாட்களுக்குள் மறுமுறை வந்தால் குறைந்த கட்டணம் அல்லது கட்டணமே இல்லை என்ற வழக்கமும் பல இடங்களில் உண்டு. இதனைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இருமுறையும் முழுக் கட்டணம் கட்டுவோர் நம்மில் பலர்.

கட்டணத்தைத் தீர்மானிப்பதில் மருத்துவரின் மனமும் ஒரு பங்கு வகிக்கிறது. வடசென்னை வியாசர்பாடியில் மருத்துவர் திருவேங்கடம் 1973-இல் 2 ரூபாய் கட்டணத்தில் தம் பணியைத் தொடங்கினார்; பிற்காலத்தில் 5 ரூபாய் பெற்றார். 2020 ஆகஸ்டில் அவர் மறைந்தபோது அப்பகுதி ஏழை மக்கள் தம் வீட்டில் ஒருவரை இழந்ததுபோல் வருந்தினர். அத்தகையோரைப் போற்றுவோம். ஆயினும் ஒருவர் ஈகையை நம்பி ஒரு சமுதாயம் வாழ இயலாது. முறையை அறிந்துகொள்வதே நமக்கு நிலையான துணை.

மூன்றாவது, மருந்து. ஒரே மருந்தைப் பல நிறுவனங்கள் பல பெயர்களில் விற்கின்றன. அட்டைப்பெட்டியின் பெயர் வேறு. உள்ளிருக்கும் மருந்து ஒன்றே. இன்றியமையா மருந்துகள் என்று பட்டியலிடப்பட்டவற்றுக்கு 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி மத்திய அரசு உச்ச விலை விதிக்கிறது. பட்டியலில் இல்லாதவற்றுக்கோ தொடக்க விலையை நிறுவனமே வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பதே கட்டுப்பாடு. ஆகவேதான் ஒரு சீட்டுக்கு 60 ரூபாயும், அதே பயனுள்ள மற்றொரு சீட்டுக்கு 300 ரூபாயும் ஆகக்கூடும். 'ஜெனரிக்' எனப்படும் பொதுப்பெயர் மருந்துகளைக் குறைந்த விலையில் விற்பதற்கென்றே 2008 முதல் மக்கள் மருந்தகங்களும், 2025 பிப்ரவரி முதல் தமிழ்நாட்டில் முதல்வர் மருந்தகங்களும் ஏற்பட்டுள்ளன.

அரசு மருத்துவமனை மாத்திரை இலவசம் என்பதால் வீரியமற்றது என்ற எண்ணம் நம் வீடுகளில் வேரூன்றியிருக்கிறது. அதனைக் களைதல் வேண்டும். 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுவதற்கும் தேவையான மருந்துகளை ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக வாங்குகிறது. மாதிரிகளை ஆய்வுக்கூடங்களில் சோதித்தே அனுப்புகிறது. மொத்தக் கொள்முதலால் விலை குறைகிறதேயன்றி, தரக் குறைவால் அன்று.

வள்ளுவர் காலத்தில் இல்லாத ஐந்தாம் உறுப்பு ஒன்று இன்று சேர்ந்திருக்கிறது. அதுதான் சோதனை. இரத்தம், சிறுநீர், ஊடுகதிர்ப் படம் என இவை பலநேரங்களில் உயிர்காப்பவை. மூன்று நாளைக்கு மேல் நீடிக்கும் காய்ச்சலில் டெங்குவா, டைபாய்டா என அறியச் சோதனை தேவை. ஆயினும் முதல் நாள் சளிக்கே நீண்ட பட்டியல் எழுதப்படுமாயின், இது எதற்காக என்று பணிவுடன் கேட்பதில் பிழையில்லை. அதுபோலவே ஊசியும் குளுக்கோசும். ஊசி போடாதவர் நல்ல மருத்துவர் அல்லர் என்று நாமே நினைக்கிறோம், நாமே கேட்டு வாங்குகிறோம், செலவும் ஏறுகிறது. வாய்வழியே நீர் அருந்தக்கூடியவனுக்குச் சாதாரணக் காய்ச்சலில் குளுக்கோஸ் ஏற்றுவதால் தனிப் பயன் ஏதுமில்லை. இவ்வாசையைப் பயன்படுத்தியே பட்டமில்லாத போலி மருத்துவர்கள் பிழைக்கின்றனர். அவர்களுடைய கட்டணம் குறைவு. அதனால் வரும் கேடோ அளவிடற்கரியது.

இங்கு ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன். நம் மக்கள் தனியாரிடம் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி மருத்துவத்துக்கு அன்று, மரியாதைக்கு. 'வாங்க, உட்காருங்க' என்ற இரண்டு சொல்லுக்காக, கடன் வாங்கியேனும் கட்டணம் கொடுப்பவர்களை நாம் அறிவோம். ஒருமையில் விளித்து வரிசையில் விரட்டப்பட்டவன் அந்த வாசலை மறுபடியும் மிதிக்கத் தயங்குகிறான். அத்தயக்கம் இயல்பே. ஆனால் அரசு மருத்துவமனை நம் வரிப்பணத்தில் நடப்பது. அங்கே பெறுவது பிச்சையன்று, உரிமை. அவ்வுரிமையை விட்டு விலகுவதால் அவமதிப்பு தீராது. தலைநிமிர்ந்து சென்று, குறையிருப்பின் எழுத்தில் புகார் அளித்து, மரியாதையையும் மருந்தையும் ஒருசேரக் கேட்டுப் பெறுவதே படித்தவர் கடமை.

கேட்பதற்கு நமக்கு விதிகளும் துணை நிற்கின்றன. மருத்துவர்களின் தொழில் ஒழுக்கத்திற்கென 2002-இல் இந்திய மருத்துவக் குழு விதிமுறைகளை வகுத்தது. அவற்றின்படி மருத்துவர் தம் கட்டணத்தைத் தம் அறையில் தெளிவாக எழுதி வைத்தல் வேண்டும். சிகிச்சைக்கு முன்பே அதனைக் கூறுதல் வேண்டும். மருந்தைப் பொதுப்பெயரில் எழுதுதல் வேண்டும். நோயாளியை அனுப்பியதற்காகத் தரகு பெறுதல் கூடாது. ஆகவே 'ஐயா, கட்டணம் எவ்வளவு? குறைந்த விலை மருந்து எழுதித் தர இயலுமா?' என்று கேட்பது துடுக்குத்தனம் அன்று. பெரும்பாலான மருத்துவர்கள் மகிழ்ந்தே விடையளிப்பர். கேட்கத் தயங்கும் வாய்க்குத்தான் விலை கூடுகிறது.

காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே பெரிதும் உரியது. காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்த்துவரும் செலவை அது ஏற்காது. ஆனால் ஆலைகளிலும் கடைகளிலும் வேலை பார்க்கும் நம் இளைஞர்கள் பலருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் கூலியில் நூற்றுக்கு முக்கால் ரூபாயும் முதலாளியிடமிருந்து மூன்றேகால் ரூபாயும் அதற்காகப் பெறப்படுகின்றன. அதன் மருந்தகங்களில் தொழிலாளியும் குடும்பத்தாரும் புறநோயாளராகவே சிகிச்சை பெறலாம். மாதந்தோறும் பிடித்தம் நடந்தும், அட்டை எங்கே என்று கேட்காதவர் பலர். நாளைக்கே கேளுங்கள்.

நாடு முழுவதையும் நோக்கினால், மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கைப்பணமாகக் கொடுத்தது 2013-14-இல் 64.2 விழுக்காடாக இருந்து, 2021-22-இல் 39.4 விழுக்காடாகக் குறைந்தது என்று அரசின் தேசிய சுகாதாரக் கணக்கு கூறுகிறது. குறைந்தது மகிழ்ச்சியே. எனினும் நூற்றுக்கு 39 ரூபாய் என்பது மாளிகைக்கும் குடிசைக்கும் ஒன்றன்று. மாளிகையில் அது மீதத்திலிருந்து போகிறது, குடிசையில் உலையிலிருந்து போகிறது.

இளைஞர்களே! உங்களுக்கு ஒரு பணியை முன்வைக்கிறேன். சங்கப் படிப்பகத்தில் ஒரு குறிப்பேடு வையுங்கள். நம் ஊரைச் சுற்றியுள்ள ஆரம்ப சுகாதார நிலையம், நலவாழ்வு மையம், தனியார் மருத்துவர், மருந்தகம் ஒவ்வொன்றின் நேரம், கட்டணம், மறுமுறைக் கட்டணம் ஆகியவற்றை நேரில் கேட்டு எழுதுங்கள். ஆறு மாதத்திற்கு ஒருமுறை திருத்துங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108 என்ற எண்களை அட்டையில் பெரிதாக எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத முதியவருடன் உங்களுள் ஒருவர் மருத்துவரிடம் செல்லுங்கள். சீட்டைப் படித்துச் சொல்லுங்கள். பழைய சீட்டுகளை ஓர் உறையில் இட்டுக் கொடுங்கள். பழைய சீட்டு இருந்தால் பழைய சோதனையை மீண்டும் எடுக்கும் செலவு பலநேரம் மிஞ்சும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். செலவுக்கு அஞ்சி நோயை மறைப்பது எல்லாவற்றினும் பெருஞ்செலவு. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, குழந்தையின் சோர்வு, நிற்காத காய்ச்சல் ஆகியவற்றில் கணக்குப் பார்க்கலாகாது. அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லுதல் வேண்டும்.

தேர்வில் மதிப்பெண் பெறுவது கல்வியின் ஒரு பயன். நம் வீட்டுப் பணம் எங்கே போகிறது, ஏன் போகிறது என்று கேட்கும் துணிவும் தெளிவும் பெறுவது அதனினும் பெரிய பயன். 25 ஆண்டுகளாக இச்சங்கம் ஊட்டிய எழுத்தறிவு, மருந்துச் சீட்டையும் படிக்கட்டும்.