போன ஊரையும் வரையலாம்

முதல் ஷிப்ட் முடித்து நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் நண்பர்களே,

ஓவியம், புகைப்படம், பயணம் பற்றிப் பேசச் சொன்னார்கள். உங்களைப் போலவே வேலைக்குப் போய்க்கொண்டு வரைந்த ஒருவரிடமிருந்து தொடங்குகிறேன். மனோகர் தேவதாஸ். 1936-இல் மதுரையில் பிறந்தவர். வேதியியல் படித்துவிட்டு, சென்னையில் ஒரு பேட்டரி நிறுவனத்தில் தொழில்நுட்ப வேலை பார்த்தார். மிச்ச நேரத்தில்தான் பேனாவும் கறுப்பு மையும்.

இளம் வயதிலேயே விழித்திரை நோய் வந்துவிட்டது. முதலில் இருட்டில் தெரியாது, பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்கும். 1972-இல் நடந்த கார் விபத்தில் மனைவி மஹிமாவுக்குக் கழுத்துக்குக் கீழே செயலிழந்து போனது. 2008-இல் அந்த அம்மா மறையும் வரை உடனிருந்து பார்த்துக்கொண்டார். வரைவதையும் விடவில்லை. நாம் கோபுரத்தை அண்ணாந்து ஒரே பார்வையில் பார்த்துவிடுகிறோம். அவருக்கோ ஒரு குழாய் வழியே பார்ப்பதுபோலத் துண்டு துண்டாகத்தான் தெரியும். பலத்த வெளிச்சமும் தடித்த கண்ணாடியுமாக உட்கார்ந்து, கோடு கோடாக இழுத்து மதுரை யானைமலையை வரைந்து முடித்தவர் அவர். 2020-இல் பத்மஸ்ரீ வந்தது. 2022 டிசம்பரில் மறைந்தார்.

அதே மதுரைக்கு 1858-இலேயே கேமரா வந்துவிட்டது. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சை என்று ஊர் ஊராகப் போனார். காகித நெகட்டிவிலிருந்து அச்சிட்ட படத்தில் வானம் வெறும் வெள்ளையாக விழும். அதனால் நெகட்டிவின்மேல் தூரிகையால் வண்ணம் தொட்டு மேகத்தை வரைந்து சேர்த்தார்! தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒரே நீளப் படமாக ஒட்டினார். பிரமாதமான உழைப்பு. ஆனால் அவர் படங்களில் பெரும்பாலும் கல்தான் இருக்கிறது, சனம் இல்லை. அன்றைய கேமராவில் நடமாடுகிறவர்கள் பதிய மாட்டார்கள்.

மனோகரின் மதுரையில் சனம் உண்டு. தன் சிறுவயது மதுரையை நாவலாக எழுதி, படங்களையும் தானே வரைந்து, 1997-இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். வருடங்கள் கழிந்த பிறகு, நினைவிலிருந்து எடுத்த ஊர் அது. நம் நெய்வேலிக்கு வேண்டியது இந்த வழிதான் என்று நான் நினைக்கிறேன்.

ஏன் சொல்கிறேன்? மதுரையில் கோயில் இருந்த இடத்தில் இன்றும் கோயில் இருக்கிறது. நமக்கு அப்படியில்லை. 1956-இல் நிலக்கரி நிறுவனம் வந்தது. 1961-இல், தோண்டிய சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. அதற்கு முன் இந்தச் செம்மண்ணில் ஊர்கள் இருந்தன. முந்திரித்தோப்பு, பலா, களம், குலசாமி கோயில். மேல்மண்ணோடு சேர்ந்து அந்த இடங்களும் போய்விட்டன. அந்த நிலம் கொடுத்த மின்சாரத்தில்தான் இந்த மேடையில் விளக்கு எரிகிறது, இந்த மைக்கில் நான் பேசுகிறேன்.

நம் பிள்ளைகள் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஹம்பிக்கும் காசிக்கும் போகிறார்கள். போகட்டும், கண் பழகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும், நிலம் கொடுத்தவர்களைக் குடிவைத்த மனைப்பகுதிக்குப் போங்கள். ஒரு பெரியவர் பக்கத்தில் நோட்டை விரித்து உட்காருங்கள். கிணறு எங்கே இருந்தது, தேர் எந்தத் தெரு வழியாக வந்தது என்று கேட்டுக் கேட்டு வரையுங்கள். “இல்ல தம்பி, புளியமரம் இந்தப் பக்கம்” என்பார். அழித்துவிட்டு மறுபடி போடுங்கள். பக்கத்து வீட்டு ஆயா வந்து, மரம் அங்கேயும் இல்லை என்பார். இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசவிடுங்கள்.

அவர்கள் வீட்டுப் பெட்டியில் கல்யாணப் போட்டோ ஒன்று இருக்கும். மணமக்களை விடுங்கள், பின்னால் தெரியும் திண்ணையையும் ஓட்டுக் கூரையையும் பாருங்கள். இல்லாத ஊருக்கு அதுதான் சாட்சி. அந்த வீட்டிலேயே செல்போனில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அசலை அவர்கள் கையிலேயே கொடுங்கள். பின்பக்கம் பென்சிலால் ஊர்ப்பேர், தெரு, வருஷம், நிற்பவர்களின் பேர் எல்லாம் எழுதித் தாருங்கள். பேனா வேண்டாம், மை ஊறும். அடுத்த ஞாயிறே போகலாம். வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பேர் கொடுங்கள்.